பன்னிரண்டு என்று எழுதிய ஏழு

அத்தியாயம் 14

ஐந்தாவது நாளும் மழை விடவில்லை.

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த அதே நாற்காலியில்தான் மதிவாணன் இன்னும் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைக்குப் பின்புறம் இருக்கும் வீடு. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை.

நெடுஞ்சாலையை ஓரிடத்தில் வெள்ளம் அறுத்துக்கொண்டு போனதும், வேளாங்கண்ணி போகும் பேருந்துகளையெல்லாம் நெடுவாக்குடிப் பாலம் வழியாகத் திருப்பிவிட்டதும், அந்தப் பாலத்தைக் கவனிக்கும் பொறுப்பு உதவிப் பொறியாளரான அவர் மகள் குந்தவைக்கு வந்து சேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் அதே பாலத்தைக் கட்டும்போது அதே பதவியில் இருந்தவர் மதிவாணன் என்பதும் தெரியும். அவர் ஏன் இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருக்கிறார் என்பதுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

காலை ஆறரைக்குக் குந்தவை நின்றுகொண்டே காபி குடித்தாள். ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், இன்னொன்று கையில்.

"நேத்து சாயந்திரம் கயித்துல இரும்புக் குண்டு கட்டி இறக்கிப் பார்த்தோம்ப்பா. மூணாவது தூண்கிட்ட மண்ணு அஞ்சு மீட்டர் போயிடுச்சு."

"அஞ்சா?"

"அஞ்சு. வருஷக்கணக்கா மணல் அள்ளினது பாதி, இப்ப வெள்ளம் அரிச்சது பாதி. வேற பாலமா இருந்தா நேத்தே மூடியிருப்பேன். ஆனா இதுல கிணறு பன்னெண்டு மீட்டர் இறங்கியிருக்கே. இன்னும் ஏழு மீட்டர் மண்ணுக்குள்ள நிக்குது. அதான் வண்டி போகலாம்னு எழுதிக் குடுத்தேன்."

டம்ளரை வைத்துவிட்டு இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க கட்டின பாலம்ப்பா. எங்க மேடம் கேட்டாங்க, உனக்குப் பயமா இல்லையான்னு. எங்கப்பா அளந்து எழுதினது மேடம், எனக்கென்ன பயம்னு சொன்னேன்."

மதிவாணன் வாயைத் திறந்தார். ஜீப் சத்தம் தெருமுனையில் திரும்பி மறையும் வரை வாய் திறந்தபடியே இருந்தது.

மணல் ஆற்றில் தூணை நேராக நட்டுவிட முடியாது. கான்கிரீட் உறையை வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட உறை கீழே இறங்கும். அதற்குப் பெயர் கிணறு. அதன் தலையில்தான் தூண் உட்காரும். பாலத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கிணறுதான்.

நெடுவாக்குடிப் பாலத்தின் மூன்றாவது கிணறு வரைபடத்தில் பன்னிரண்டு மீட்டர். அவர் கைப்பட எழுதிய அளவுப் புத்தகத்திலும் பன்னிரண்டு மீட்டர். ஆற்றுக்குள் ஏழு.

அதை அறிந்தவர்களில் ஒப்பந்தக்காரர் செத்துப்போனார். அன்றைய மேலதிகாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் மதிவாணன் மட்டும்தான்.

ஏழில் ஐந்து போனால் இரண்டு. மூன்றாம் வகுப்புக் கணக்கு. அதை அவர் நாலு தடவை போட்டுப் பார்த்தார். நாலு தடவையும் இரண்டுதான் வந்தது.

வருடா வருடம் ஐப்பசி பிறந்தால் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிப் பேருந்து ஏறிப் போய் அந்தத் தூணை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். நின்றுகொண்டிருக்கும். திரும்பி வந்து நன்றாகத் தூங்குவார். அடுத்த வருடம் வரைக்கும் அது போதும். இந்த வருடம் அப்படிப் பார்த்துவிட்டு வர அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"சாவித்திரி."

துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். ஒருவர் முகத்தைப் பார்த்தே தந்தியில் என்ன செய்தி என்று சொல்லக்கூடியவள்.

"அந்தப் பாலம் நிக்காது."

"எந்தப் பாலம்?"

சொன்னார். கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. களிமண் அடுக்கில் கிணறு சிக்கிக்கொண்டது, ஜூன் மாதத்தில் ஆற்றில் தண்ணீர் விடுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டியிருந்தது, களி கல்லு மாதிரி இருக்கு, இது போதும், பன்னெண்டுன்னு எழுதுங்க என்று மேலதிகாரி சொன்னது, எழுதாவிட்டால் வேலையைத் தாமதப்படுத்தியதாகக் குற்றச்சாட்டுக் குறிப்பு வரும் என்று சொன்னது. எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன.

சாவித்திரி ஈரத்துணியோடு சோபாவில் உட்கார்ந்தாள்.

"காசு வாங்கினீங்களா?"

"சத்தியமா இல்ல."

"பின்ன ஏன் எழுதினீங்க?"

"பயம்."

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"பழசையெல்லாம் இப்ப எதுக்குச் சொல்லணும்? விரிசல் விட்டிருக்குன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவ கேப்பா. மூடிடுவா. மழை நின்னப்புறம் அவங்களே அளந்து பார்த்துக்கட்டும். உங்க பேரும் வேணாம், அவ பேரும் வேணாம்."

அவர் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி வாயால் கேட்டதும் அது நியாயம் போலவே பட்டது. கைப்பேசியை எடுத்தார். குந்தவையின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டார். அதே குரல்.

"அவ எங்க நிப்பா?" என்றாள் சாவித்திரி.

"பாலத்து மேல. நடுவுல."

கேட்டதும் சாவித்திரியின் முகம் மாறியது. உள்ளே ஓடி மழைக்கோட்டை எடுத்து வந்து அவர் தோளில் போட்டாள். பித்தானையும் அவளே போட்டுவிட்டாள்.

"விரிசல்னு சொல்லி அவ நம்பலைன்னா, முழுசையும் சொல்லிடுங்க. பாதியில நிறுத்திடாதீங்க."

ஸ்கூட்டர் மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

நகரத்தைத் தாண்டியதும் வயல் எது, வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியவில்லை. நட்டு முப்பது நாள் ஆன சம்பாப் பயிர் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மண்வெட்டியால் வரப்பை வெட்டி வடியவிட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவதற்கு இடம் எங்கே இருக்கிறது? வாய்க்காலும் நிறைந்துதான் ஓடியது. எதிரே ஒரு பேருந்து வந்தது. நெற்றியில் வேளாங்கண்ணி - தஞ்சாவூர் என்று எழுதியிருந்தது. அது பாலத்தைத் தாண்டி வந்துவிட்ட பேருந்து என்று அவருக்கு ஒரு நிமிடம் ஆறுதல். அடுத்த நிமிடம், அவரை முந்திக்கொண்டு இன்னொரு பேருந்து பாலத்தை நோக்கிப் போனது. அதை விரட்டிப் பிடிக்கப் போகிறவர் மாதிரி முறுக்கினார்.

நெடுவாக்குடியில் வெட்டாறு கரைதொட்டு ஓடியது. செம்மண் நிறத்தில் சுழித்துச் சுழித்துப் போன தண்ணீரில் ஆகாயத்தாமரை பாய் பாயாக வந்து தூண்களில் அடைந்திருந்தது. மூன்றாவது தூணில்தான் அதிகம். ஒரு வைக்கோல் போர் அளவுக்குச் சேர்ந்து, ஆற்றை மறித்துக்கொண்டு நின்றது. ஆறு அதைத் தள்ளியது.

பாலத்தின் வாயில் சிவப்புக் கொடியோடு ஒரு காவலர் நின்றார். ஃபாஜில் என்று சட்டையில் பெயர்.

"ஐயா, வண்டியை ஓரமா போடுங்க. ஒவ்வொண்ணாத்தான் விடறோம்."

"என் பொண்ணு அங்க நிக்கிறா. இன்ஜினியர்."

"மேடம் அப்பாவா? போங்கய்யா. பார்த்து நடங்க, வழுக்கும்."

அறுபது வயதுக்கு மேல் அவர் ஓடியதில்லை. பாலத்தின் மேல் ஓட நினைத்தார். ஆனால் ஒவ்வொரு அடியும் எங்கே வைக்கிறோம் என்று கால் கேட்டது. முதல் தூண். இரண்டாவது தூண். உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறியது. அது ஆற்றினுடையதா, தன்னுடையதா என்று தெரியவில்லை.

குந்தவை மூன்றாவது தூணுக்கு நேர் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா? இந்த மழையில நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பாலத்தை மூடிடும்மா. அந்தக் கரையோரம் விரிசல் பார்த்தேன். பெருசா இருக்கு."

"அதுவாப்பா? காலையிலயே பார்த்துட்டேன். மேல்பூச்சுதான். சுரண்டிப் பார்த்தேன், உள்ள ஒண்ணுமில்ல."

"இல்லம்மா, எனக்கு என்னவோ..."

"அப்பா, என்னவோன்னு சொல்லி மூட முடியாதுப்பா. அந்தக் கரையில நானூறு வண்டி நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருக்காங்க. எனக்கு ஒரு நம்பர் வேணும்."

அவள் கேட்ட நம்பர் அவரிடம் இருந்தது. இருபத்து மூன்று வருடமாக இருந்தது.

"ஏழு," என்றார்.

"என்ன ஏழு?"

"இந்தக் கிணறு ஏழுதாம்மா இறங்கிச்சு. பன்னெண்டு இல்ல. நான்தான் பன்னெண்டுன்னு எழுதினேன்."

மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தார். கேட்டிருந்தது. அவள் கண் அவர் முகத்தில் இருந்தது. பிறகு மெதுவாக இறங்கித் தன் காலுக்குக் கீழே இருந்த தளத்தில் நின்றது. ஏழில் ஐந்து. அவளும் அந்தக் கணக்கைப் போடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் பேருந்து பாலத்தில் ஏறியது.

அவரை முந்திக்கொண்டு வந்து, வரிசையில் காத்து நின்ற அதே பேருந்து. நிறைய ஆட்கள். குந்தவையைப் பார்த்ததும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். நிறுத்தச் சொல்கிறாளோ என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பேருந்து இரண்டாவது தூணைத் தாண்டி ஊர்ந்து வந்தது.

"நிக்காதீங்க," என்று குந்தவை இரண்டு கையையும் வீசினாள். "நிக்காதீங்க, போங்க. அப்படியே போங்க."

மதிவாணன் அசையாமல் நின்றார். அசைந்தால் தன் பாரமும் சேர்ந்துவிடும் என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நினைப்பு. நீராவி படிந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்தன. ஒரு ஜன்னலில் சின்னப் பெண் ஒருத்தி விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு எழுத்து முடித்திருந்தாள். கடைசிச் சக்கரமும் அந்தக் கரையில் இறங்கிய பிறகுதான் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இறங்குங்கப்பா முதல்ல," என்றாள் குந்தவை. திட்டியிருக்கலாம். திட்டாதது அவரைக் கலங்க அடித்தது.

ஃபாஜிலும் எதிர்க்கரையில் இருந்த காவலரும் தடுப்பை இழுத்துப் போட்டபோது மணி ஒன்பது பத்து.

கரையில் இருந்த டீக்கடைத் தகரத்துக்குக் கீழே நின்றுதான் சிக்னல் கிடைத்தது. கோட்டப் பொறியாளர் ஆனந்தவல்லியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

"யாரைக் கேட்டு மூடினே? கலெக்டர் ஆபீஸ்ல என்னைக் கேப்பாங்க. நேத்து நீதானே எழுதிக் குடுத்தே, வண்டி போகலாம்னு? வரைபடத்துல பன்னெண்டு இருக்கு."

"வரைபடம் தப்பு மேடம். ஏழுதான் இறங்கியிருக்கு."

"யார் சொன்னது?"

குந்தவை அவர் பக்கம் திரும்பினாள். அப்பா என்று சொல்லப் போகிறாள் என்று மதிவாணன் நினைத்தார்.

"அன்னைக்கு இந்த வேலையைப் பார்த்த உதவிப் பொறியாளர் மேடம். மதிவாணன்னு பேரு. இங்க இருக்கார்."

ஆனந்தவல்லிக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்.

"எழுத்துல குடுப்பாரா?"

மதிவாணன் கையை நீட்டினார். குந்தவை தன் ஆய்வுக் குறிப்பேட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். ஃபாஜில் குடையைப் பிடித்துக்கொண்டார். டீக்கடைப் பலகையில் வைத்து எழுதினார்.

'நெடுவாக்குடிப் பாலத்தின் மூன்றாவது தூணுக்கான கிணறு ஏழு மீட்டர் ஆழம் மட்டுமே இறக்கப்பட்டது. அளவுப் புத்தகத்தில் பன்னிரண்டு மீட்டர் என்று பொய்யாகப் பதிந்தவன் நான். பாலத்தின் மேல் ஒருவரையும் அனுமதிக்க வேண்டாம்.'

பெயர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். 'பொய்யாக' என்ற சொல்லைக் குந்தவை இரண்டு முறை படித்தாள். படம் எடுத்து அனுப்பினாள். அனுப்பிய பிறகு போய்க் கடையின் பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்குவதை ஃபாஜில் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மதிவாணனுக்கு வாழ்க்கையிலேயே நீளமான மணி நேரம் அதுதான்.

கூட்டம் சேர்ந்தது. "காலையிலேர்ந்து போய்க்கிட்டுத்தானே இருந்துச்சு? இப்ப என்ன திடீர்னு?" என்று லாரி ஓட்டுநர் ஒருவர் சத்தம் போட்டார். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறேன், நடந்தாவது போய்விடுகிறேன் என்று ஒரு அம்மாள் குந்தவையின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். குந்தவை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "முடியாதும்மா. என் அம்மாவா இருந்தாலும் விடமாட்டேன்," என்றாள். ஒரு மோட்டார் சைக்கிள் தடுப்பில் சந்து பார்த்து நுழைந்தது. ஃபாஜில் பாய்ந்து சாவியைப் பிடுங்கினார்.

"யாரோ பெருசு ஒண்ணு வந்து ஏதோ உளறிட்டுப் போச்சாம். அதுக்கு ஊரையே நிறுத்தி வெச்சிருக்காங்க," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அந்தப் பெருசு அவர்களுக்கு நடுவில்தான் நின்றது. பாலம் நின்றது. ஒரு இம்மி அசையவில்லை. இது நின்றுவிட்டால் தான் பைத்தியக்காரன். நிற்காவிட்டால்? நின்றுவிடக் கூடாதா என்றும், விழுந்து தொலைத்தால் என்ன என்றும் மாறி மாறி மனம் அடித்துக்கொண்டது. இரண்டாவது நினைப்பு வந்ததும் அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

பத்து இருபதுக்கு ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. வீட்டுக்குள் யாரோ கனமான பெட்டியைத் தரையில் இறக்கி வைத்த மாதிரி.

லாரி ஓட்டுநர்தான் முதலில் பார்த்தார். சற்று முன்வரை ஒரே கோடாக இருந்த கைப்பிடிச் சுவர் நடுவில் மடங்கியிருந்தது. மூன்றாவது தூணின் மேல் தளம் ஒரு முழம் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, இணைப்பில் இருந்த இடைவெளி வழியாகக் கீழே ஓடும் தண்ணீர் தெரிந்தது. ஆகாயத்தாமரைக் குவியல் அசைந்து, உடைந்து, விடுபட்டுப் போனது.

யாரும் கத்தவில்லை. கூட்டம் தானாகப் பின்னால் நகர்ந்தது. நடந்தே போகிறேன் என்று சொன்ன அம்மாள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குந்தவை அவர் பக்கத்தில் வந்து நின்றாள். காலையிலிருந்து முதல்முறையாக அவர் கையைத் தொட்டாள். பிடிக்கவில்லை. தொட்டாள், அவ்வளவுதான்.

"நான் போகலாம்னு எழுதினது தப்புப்பா," என்றாள். "நானும் காகிதத்தைத்தான் நம்பினேன்."

"நீ என்னை நம்பினேம்மா."

அவள் பூட்ஸிலிருந்த சேற்றைத் தரையில் தேய்த்தாள்.

கைப்பேசி அடித்தது. ஆனந்தவல்லி.

"பார்த்தேன், யாரோ எடுத்த படம் வந்துச்சு. நல்ல வேளை குந்தவை. ஒரு உயிரும் போகலை. மத்தது அப்புறம் பேசுவோம். வண்டியைப் பத்திக் கவலைப்படாதே, நீ மூடினவுடனே எல்லாத்தையும் மணக்கரைப் பாலம் வழியாத் திருப்பிட்டேன். ஒரு மணி நேரமா அதுலதான் போகுது."

குந்தவை, "சரி மேடம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்க மறந்துபோனாள்.

"மணக்கரையா?" என்றார் மதிவாணன்.

"ஏம்ப்பா?"

"அதுவும் அதே வருஷம். அதே ஒப்பந்தக்காரர். அதே மேலதிகாரி."

"அதுக்கும் நீங்கதானா?"

"இல்ல. துரைக்கண்ணு. என்கூடப் படிச்சவன். இப்ப வலங்கைமான்ல இருக்கான்."

கல்யாணங்களில் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள், சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள். அந்த வருடத்தைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் ஏன் பேசவில்லை என்று மதிவாணன் கேட்டுக்கொண்டதே இல்லை. தான் ஏன் பேசவில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

குந்தவை ஆனந்தவல்லியிடம் என்னவோ வேகமாகப் பேசத் தொடங்கினாள். "மேடம், லைன்லயே இருங்க, அதையும் நிறுத்தணும், ஒரு நிமிஷம், காரணம் சொல்றேன்."

மதிவாணன் தன் கைப்பேசியில் பெயரைத் தேடினார். கண்ணாடியில் நீர் வழிந்தது. மணி நாலு முறை அடித்தது. ஐந்தாவதில் எடுத்தான்.

"துரை, நான் மதி பேசறேன். நெடுவாக்குடியிலேர்ந்து. நான் எழுதிக் குடுத்துட்டேன்டா, எங்க கிணறு ஏழுதான்னு. இங்க பாலம் உக்காந்துடுச்சு. வண்டியெல்லாம் உங்க மணக்கரை மேல போகுது. உன்னுது எத்தனை?"

அந்தப் பக்கமும் மழை. ஓட்டுக்கூரையில் விழும் மழை. அதற்குள் ஒரு கிழவனின் மூச்சு மட்டும் கேட்டது.

"துரை, உன்னுது எத்தனை மீட்டர்?"

துரைக்கண்ணு பதிலுக்குக் கேட்டான்.

"இப்ப அது மேல எத்தனை பஸ்ஸு இருக்கு, மதி?"